புரியலையா, பிரமாதமா? மண்டையைக் குழப்பும் படங்களைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

செம்பரம்பாக்கம் ஈவிபியில் செகண்ட் ஷோ விட்டு, நசரத்பேட்டை, பூந்தமல்லி தாண்டி சென்னீர்குப்பம் வந்து சேர்வதற்குள் ஒரே பைக்கில் இரண்டு படம் ஓடி முடிந்திருக்கும், தெரியுமா? முன்னால் ஓட்டுகிறவர் "வேற லெவல் படம்டா" என்பார். பின்னால் உட்கார்ந்திருப்பவர் "ஒரு மண்ணும் புரியல, காசு தண்டம்" என்பார். இருவரும் உட்கார்ந்தது பக்கத்துப் பக்கத்து சீட்டு. யாரோ ஒருவர் தூங்கிவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சைக்கலாஜிக்கல் த்ரில்லர் வந்தாலே ஊர் இரண்டாக உடைவது நெடுநாள் வழக்கம். அதன் பின்னால் இருக்கும் சங்கதிகளைக் கேட்டால் படத்தைவிட அதிகமாகத் தலை சுற்றும்!

முதலில் ஒரு ஃபுட்பால் மேட்ச். 1951 நவம்பர். அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்கள் மோதிய ஆட்டம். ஒருவருக்கு மூக்கு உடைந்தது, இன்னொருவருக்குக் கால் உடைந்தது, அப்படி ஓர் ஆட்டம்! ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் ஃபிலிமை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, "ஃபவுல் எத்தனை, எண்ணுங்கள்" என்றார்கள். டார்ட்மவுத் அணி செய்த தப்பு, டார்ட்மவுத் மாணவர்கள் கண்ணுக்குச் சராசரியாக 4.3. பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்ணுக்கு 9.8! அதே ரீல், அதே வெளிச்சம். பாதிக்குப் பாதி வித்தியாசம். கதையே இல்லாத ஒரு மேட்ச் ஃபிலிமுக்கே இந்த நிலைமை என்றால், வேண்டுமென்றே குழப்புகிற படத்துக்கு என்ன ஆகும்?

அந்த ஆராய்ச்சி அச்சில் வந்த வருஷம் எது தெரியுமா? 1954. அதே வருஷம் ஏப்ரல் 13-ம் தேதி ஏவி.எம். தயாரிப்பில் சென்னையில் ஒரு படம் வெளியானது. 'அந்த நாள்'!

பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. சண்டை கிடையாது. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம். எடுத்தவர் யார்? வீணை எஸ். பாலசந்தர்! கச்சேரி மேடையில் ராகத்தை உருக்கி வார்த்த மனிதர், தன் படத்தில் ஒரு பாட்டுக்குக்கூட இடம் தரவில்லை. இன்னும் கேளுங்கள். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது நிஜ வரலாறு. அந்தப் பின்னணியில்தான் கதை. படம் ஆரம்பித்ததுமே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார்! 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சிவாஜியின் வசனத்தைக் கேட்க டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவர் முகத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதை, வசனம். துப்பறியும் அதிகாரியாக வருவதும் அவரே. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, நடனக்காரி, மனைவி என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், ஆளாளுக்கு ஒருவர் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார்கள். அகிரா குரோசவாவின் 'ராஷோமான்' தந்த தூண்டுதல் அது. ஆனால் குரோசவா கடைசிவரை 'எது உண்மை' என்பதைக் கையில் கொடுக்கவே இல்லை. பாலசந்தர் கொஞ்சம் இரக்கம் காட்டி விடையைச் சொல்லிவிடுகிறார். அப்படி இருந்தும் படம் ஓடவில்லை! பத்திரிகைகள் பாராட்டின, மத்திய அரசின் நற்சான்றிதழ் கிடைத்தது, கல்லா மட்டும் நிரம்பவில்லை. இன்று தமிழின் தலைசிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இல்லாமல் இருக்காது. அன்று 'பாட்டு எங்கே' என்று கேட்டவருக்கும் இன்று கைதட்டுபவருக்கும் காட்டப்படுவது ஒரே படச்சுருள்தான்.

கொலையாளி யார் என்று சொல்ல மாட்டேன். 70 வருஷம் தாண்டினாலும் அது தர்மம் இல்லை. ஆனால் சொன்னாலும் பெரிய குற்றம் இல்லை என்கிறது ஓர் ஆராய்ச்சி, தெரியுமா? 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜோனதன் லெவிட், நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்துப் பார்த்தார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள்தான் சராசரியாகக் கூடுதலாக ரசித்தார்களாம்! இதைக் கேட்டுவிட்டு முதல் நாள் முதல் காட்சி பார்த்த கையோடு வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் க்ளைமாக்ஸ் போடுகிற தம்பிகளுக்குத் துணிச்சல் வந்துவிடப் போகிறது. தம்பிகளே, அது சிறுகதை!

சரி, இப்போது 2005-க்கு வாருங்கள். ஏப்ரல் 14 'சந்திரமுகி'. ஜூன் 17 'அந்நியன்'. செப்டம்பர் 29 'கஜினி'. ஒன்றில் இன்னொருத்தியாக மாறும் கங்கா, ஒன்றில் ஒரே உடம்பில் மூன்று பேர், ஒன்றில் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தங்காத ஞாபகம். ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டையே கலக்கிய மூன்று படங்களும் மனக்கோளாறு கதைகள்! கவனித்திருக்கிறீர்களா? நம் ஜனங்களுக்குக் குழப்பமான படம் பிடிக்காது என்று சொல்கிற விநியோகஸ்தர் எவராவது எதிர்ப்பட்டால் இந்த மூன்று தேதிகளையும் சொல்லுங்கள்.

அதிலும் 'கஜினி'யில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்' என்ற சொற்றொடரை ஆவடி பஸ்ஸில் கண்டக்டர் முதல் காலேஜ் பையன்வரை எல்லோர் வாயிலும் போட்டது அந்தப் படம்தான். ஆனால் மருத்துவப்படி சஞ்சய் ராமசாமிக்குக் கெட்டுப்போனது அதுவல்ல! அந்த நொடியில் நடப்பதைக் கையில் பிடித்து வைத்திருக்கும் குறுகிய கால நினைவு அவருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அதைப் புதிய நீண்ட கால நினைவாகச் சேமிக்கத்தான் முடியவில்லை. நிஜத்தில் இப்படி ஒருவர் வாழ்ந்தார். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953-ல் மூளையில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 2008-ல் இறக்கும்வரை 55 வருஷம் புதிதாகச் சந்தித்த யாரையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை.

'ஸ்பிளிட் பர்சனாலிட்டி' கதையும் அப்படித்தான். அதுதான் ஸ்கிசோஃப்ரீனியா என்று நினைப்பவர்கள் ஏராளம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை! சென்னைக்கு இந்த விஷயம் ஒன்றும் புதிதல்ல. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. அங்கே கண்காணிப்பாளராக இருந்தவரும் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவருமான டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு ஸ்கிசோஃப்ரீனியாவுக்கென்றே வேலை செய்கிறது. இவ்வளவும் கையெட்டும் தூரத்தில் இருக்க, நம் படங்களில் டாக்டர் வந்து இரண்டு நிமிஷத்தில் வியாதிக்குப் பெயர் வைத்துவிட்டுப் போவது தனி நகைச்சுவை.

குழப்பம் அதிகமாகிவிட்டால் என்ன செய்வார்கள் தெரியுமா? கத்தரி! விக்ரம் நடித்த 'கோப்ரா' 2022 ஆகஸ்ட் 31-ல் 3 மணி 3 நிமிஷ நீளத்தோடு வந்தது. கண்ணுக்குத் தெரிகிற ஆட்களில் யார் நிஜம், யார் நாயகனின் பிரமை என்று ரசிகர்கள் திணற, ரிலீஸான கையோடு 20 நிமிஷத்தை வெட்டி எறிந்தார்கள். நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஸ்டான்லி குப்ரிக்கே 1980-ல் 'தி ஷைனிங்' தியேட்டருக்கு வந்த பிறகு கடைசி ஆஸ்பத்திரிக் காட்சியைப் பிய்த்து எடுத்தவர்! ஆனால் குப்ரிக் வெட்டியதில் குழப்பம் கூடியது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

'ஆளவந்தான்' இன்னும் விசித்திரம். கமல்ஹாசன் 'இதயம் பேசுகிறது' இதழில் எழுதிய 'தாயம்' தொடர்கதைதான் அதற்கு மூலம். 2001-ல் வந்தபோது கூட்டம் திகைத்துத் திரும்பியது. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்குத் தேசிய விருது மட்டும் வீடு தேடி வந்தது. கொடூரமான இடத்தில் படம் சட்டென்று கார்ட்டூனாக மாறும், ஞாபகம் இருக்கிறதா? அந்த உத்தியை மனதில் வைத்துத்தான் 'கில் பில்'லில் அனிமேஷன் பகுதி வந்ததாக க்வென்டின் டாரன்டினோ தன்னிடம் சொன்னார் என்று அனுராக் காஷ்யப் சொல்லியிருக்கிறார். நம் ஆள் 'என்னப்பா இது பொம்மைப் படம்' என்று எழுந்து போன அதே இடம்! 2023 டிசம்பரில் நீளம் குறைத்து மறுபடி திரைக்கு வந்தபோது விசில் பறந்தது.

விடை சொல்லாமல் விடுகிற துணிச்சலுக்கு என் ஓட்டு அஸ்வின் சரவணனுக்கு. 2015-ல் 'மாயா'வில் படத்துக்குள் படம் வைத்தார். கறுப்பு வெள்ளையில் ஓடுவது எது, கலரில் ஓடுவது எது என்று இடைவேளைவரை பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை. 2019 ஜூன் 14-ல் வந்த 'கேம் ஓவர்' இன்னும் ஒரு படி மேல். டாப்ஸி ஒரு வீடியோ கேம் டிசைனர். கையில் குத்திய பச்சையில் கொலையான ஒரு பெண்ணின் அஸ்தி தவறுதலாகக் கலந்துவிடுகிறது. செத்துச் செத்து மறுபடி விழிக்கிறார், கேமில் வருவது போலவே மூன்று உயிர்! அது கனவா? செத்துப்போன பெண்ணின் ஆவி தருகிற வாய்ப்பா? பயத்தில் உறைந்த மனம் தனக்குத் தானே போட்டுப் பார்க்கும் ஒத்திகையா? மூன்றுக்கும் படத்தில் ஆதாரம் இருக்கிறது. நான் மூன்றாவது கட்சி. என்னோடு படம் பார்த்த சித்தப்பா இன்றுவரை ஆவிக் கட்சி, பேச்சை எடுத்தால் காபி ஆறிவிடும்.

இன்னொன்று தெரியுமா? ரசிகர்களைப் பிளப்பதற்குப் படமே வேண்டாம், ஒரு வரி போதும்! ஜே. டி. சாலிஞ்சரின் ஒரு சிறுகதையைப் பிரின்ஸ்டனில் இரண்டு குழுக்களுக்குப் போட்டுக் கேட்கவைத்தார்கள். ஒரு குழுவிடம் 'கதையில் வருகிறவனின் மனைவி துரோகம் செய்கிறாள்' என்றும், இன்னொன்றிடம் 'அவன் வீணாகச் சந்தேகப்படுகிறான்' என்றும் முன்னாலேயே சொல்லிவைத்தார்கள். 2017-ல் வெளியான முடிவு: ஸ்கேனில் மூளையின் செயல்பாட்டைப் பார்த்தே யார் எந்தக் குழு என்று பிரிக்க முடிந்தது! இப்போது நம் தியேட்டரின் இடைவேளையை நினைத்துப் பாருங்கள். பாப்கார்ன் கியூவில் முன்னால் நிற்பவர் "இது எல்லாமே கனவு ப்ரோ" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், செகண்ட் ஹாஃப் முழுக்க உங்களுக்கு வேறு படம். வெளிநாட்டில் இடைவேளை இல்லாமல் ஓடும் அதே படத்துக்கு இங்கே கருத்து வேறாக இருப்பதில் இந்தப் பதினைந்து நிமிஷத்துக்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

செம்பரம்பாக்கத்தைப் பற்றிச் சொன்னேனே, தமிழ் 'பிக் பாஸ்' வீடு இருப்பதும் அங்கேயுள்ள ஈவிபி ஃபிலிம் சிட்டியில்தான். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு சண்டை ஒளிபரப்பாகும், யார் தப்பு என்று சென்னீர்குப்பத்தில் ஒரே வீட்டுக்குள் மாமியார் ஒரு கட்சி, மருமகள் ஒரு கட்சி. ஹாஸ்டார்ஃபும் கான்ட்ரிலும் பார்த்திருந்தால் மேட்ச் ஃபிலிமைத் தூக்கிப் போட்டுவிட்டு இங்கே வந்திருப்பார்கள்.

எடுத்தவர்களாவது தீர்த்து வைப்பார்களா என்றால், அதுவும் இல்லை! டேவிட் லிஞ்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' ஒரு டிவி தொடருக்காக எடுக்கப்பட்டு, சேனல் வேண்டாம் என்று ஒதுக்கிய பிறகு படமாக மாறியது. டிவிடியில் பத்து துப்புகள் கொடுத்தார், அதைப் படித்தவர்கள் முன்பைவிட அதிகமாகக் குழம்பினார்கள். 2016-ல் பிபிசி நடத்திய விமர்சகர்கள் வாக்கெடுப்பில் இந்த நூற்றாண்டின் தலைசிறந்த படம் அதுதான்! நம் லோகேஷ் கனகராஜோ 'லியோ' வெளியாகி எல்லோரும் பிளாஷ்பேக்கைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அந்த பிளாஷ்பேக் பொய்யாகவும் இருக்கலாம் என்று ஒரு குண்டைப் போட்டார். திட்டியவர்களில் பாதிப் பேர் மறுபடி டிக்கெட் எடுத்திருப்பார்கள்.

கடைசியாக நம் பக்கத்து ஆள் ஒருவர். 'தி சிக்ஸ்த் சென்ஸ்' எடுத்த எம். நைட் ஷியாமளன் பிறந்தது புதுச்சேரி யூனியனைச் சேர்ந்த மாஹேயில், 1970 ஆகஸ்ட் 6-ல். தாய் தமிழ்ப் பெண். படம் அமெரிக்காவில் வெளியான தேதி 1999 ஆகஸ்ட் 6, அவருடைய 29-வது பிறந்தநாள்! அந்தப் படத்தை வைத்தே 2022-ல் ஒரு மூளை ஆராய்ச்சி வெளிவந்தது. ட்விஸ்ட் தெரியாமல் பார்த்தவர்கள் ஒரு குழு, முன்பே தெரிந்துகொண்டு பார்த்தவர்கள் ஒரு குழு. ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடியே படம் பார்த்து, முடிந்ததும் ஒவ்வொரு காட்சியாக நினைவுகூர்ந்தார்கள். ட்விஸ்ட்டைக் கடைசியில் அறிந்தவர்கள் முந்தைய காட்சிகளை நினைக்கும்போது மூளையில் தெரிந்த கோலம், ஆரம்பத்திலிருந்தே தெரிந்து பார்த்தவர்களின் கோலத்தை நோக்கி நகர்ந்திருந்தது. பார்த்து முடித்த காட்சிகளையே தலை திரும்பவும் எடிட் செய்திருக்கிறது, அதுவும் ஸ்கேன் கருவியை விட்டு எழுந்திருப்பதற்குள்!