சீனித்துளசி: இலையிலிருந்து இனிப்பு எடுக்கும் முறை

இனிப்பு என்றாலே சர்க்கரை என்று கருதுவது நமது வழக்கம். கரும்பிலிருந்து வெல்லமும் சீனியும், பனையிலிருந்து கருப்பட்டியும், பூவிலிருந்து தேனும் கிடைக்கின்றன. இவை யாவற்றிலும் இனிப்பைத் தருவது ஏதேனும் ஒருவகைச் சர்க்கரையே. ஆயினும், சர்க்கரை சிறிதும் சேராமலே இனிப்பைத் தரவல்ல தாவரங்களும் உலகில் உண்டு. அவற்றுள் இன்று வியாபார முக்கியத்துவம் பெற்றிருப்பது ஸ்டீவியா என்னும் சிறு செடியாகும். தமிழில் இதனைச் சீனித்துளசி என்றும் இனிப்புத் துளசி என்றும் அழைக்கின்றனர்.

நீரிழிவு நோய் நம் நாட்டில் பரவிவரும் வேகம் இச்செடியின்பால் அனைவரின் கவனத்தையும் திருப்பியுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள் என்றும், ஏறத்தாழ 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாயிலில் நிற்கின்றனர் என்றும் மதிப்பிட்டுள்ளது. ஆகவே, சர்க்கரைக்குப் பதிலாக எதனை உபயோகிப்பது என்று நோயாளிகள் கேட்கின்றனர்; இச்செடியைப் பயிரிட்டால் இலாபம் உண்டா என்று விவசாயிகள் கேட்கின்றனர். இவ்விரு கேள்விகளும் முதலில் வந்து சேருமிடம் கிராமப் பணியாளரும் பள்ளி ஆசிரியருமேயாவர்.

சித்தூர் வெல்லமும் ஒரு தவறான நம்பிக்கையும்

சித்தூர், திருப்பதிப் பகுதி இவ்விஷயத்தை ஆராய்வதற்கு மிகவும் பொருத்தமான இடமாகும். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இவ்விரு நகரங்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. கரும்பும் வெல்லமும் இப்பகுதியின் பழைய செல்வங்கள். தெலுங்கில் ‘பெல்லம்’ என்றும் தமிழில் ‘வெல்லம்’ என்றும் இரு மொழியாரும் ஏறக்குறைய ஒரே சொல்லால் வழங்கும் பண்டம் அது. திருப்பதியை அடுத்த பெருமாள்ளபள்ளியில் உள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கரும்பு ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்றது.

வெல்லம் காய்ச்சும் முறையை இங்குள்ள விவசாயிகள் நன்கு அறிவர். கரும்பை ஆலையில் இட்டு ஆட்டிச் சாறு எடுத்து, அகன்ற கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுகின்றனர். காய்ந்த சக்கையே எரிபொருளாகிறது. சுண்ணாம்புத் தெளிவும், வெண்டைச் செடியின் தண்டிலிருந்து எடுத்த குழகுழப்பான சாறும் சேர்க்கப்படுவதுண்டு. அப்போது அழுக்குகள் திரண்டு மேலே மிதக்கின்றன. அவற்றை வழித்தெடுத்த பின், வெப்பம் ஏறத்தாழ 118 டிகிரி சென்டிகிரேடு அடையும்வரை காய்ச்சினால் பாகு பதம் வருகிறது. அதனை ஆறவிட்டுக் கிளறி, உருண்டையாகப் பிடிப்பர். அல்லது அச்சில் வார்ப்பர். நூறு கிலோ கரும்பிலிருந்து சுமார் பத்துக் கிலோ வெல்லம் கிடைக்கும்.

இம்முறையில் நீர்தான் பெரும்பாலும் வெளியேறுகிறது. சாற்றிலுள்ள சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. வெல்லத்தில் கரும்புச் சர்க்கரை மட்டுமே 65 முதல் 85 சதவீதம் வரை உண்டு. அதனுடன் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஆகிய சர்க்கரைகளும் கணிசமாகச் சேர்ந்துள்ளன. இரும்பு முதலிய தாதுக்கள் சிறிதளவு இருப்பது உண்மையே. ஆனால், “சீனிதான் கெடுதல், வெல்லம் நீரிழிவுக்காரருக்கு ஆகும்” என்று பலரும் நம்புவதற்கு ஆதாரம் இல்லை. காப்பியில் சீனியை நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரையைத் தாராளமாகச் சேர்ப்பவரின் இரத்தத்திலும் சர்க்கரை ஏறவே செய்யும். வெல்லம் சர்க்கரையின் வேறொரு வடிவமேயன்றி, சர்க்கரைக்கு மாற்று அன்று.

செடியின் வரலாறு

சீனித்துளசியின் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள பராகுவே நாடு. பெயரில் துளசி இருப்பினும் இது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. சூரியகாந்தி, செவ்வந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சுமார் இரண்டடி உயரம் வளரும் இச்செடியின் இலையை அந்நாட்டுப் பழங்குடியினரான குவாரானி மக்கள் நெடுங்காலமாகத் தங்கள் பானங்களில் இட்டு வந்தனர்.

ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து பராகுவேயில் குடியேறிய பெர்த்தோனி என்னும் தாவர நிபுணர் 1899-ஆம் ஆண்டில் இச்செடியை விஞ்ஞான முறைப்படி விவரித்தார். அதன் ரசாயனத்தை முதலில் ஆராய்ந்த ரெபாவுதி என்பவரின் நினைவாகவே ‘ஸ்டீவியா ரெபாவுதியானா’ என்ற பெயர் ஏற்பட்டது. 1931-ஆம் ஆண்டில் பிரைடல், லாவியேல் என்ற இரு பிரெஞ்சு ரசாயன நிபுணர்கள் இலையின் இனிப்புப் பொருளைப் பளிங்கு வடிவில் பிரித்தெடுத்தனர். அது சீனியைவிட ஏறத்தாழ 300 மடங்கு இனிப்புடையது என்று கண்டனர். 1970-ஆம் ஆண்டுகளில் ஜப்பான் இதனை உணவுத் தொழிலில் புகுத்திற்று. அமெரிக்கா 2008-ஆம் ஆண்டிலும், ஐரோப்பிய நாடுகள் 2011-ஆம் ஆண்டிலும், இந்தியா 2015-ஆம் ஆண்டிலும் சுத்திகரிக்கப்பட்ட ஸ்டீவியா இனிப்பிற்கு வழிவிட்டன.

இனிப்பின் இரகசியம்

இலையிலுள்ள இனிப்புப் பொருள்கள் ‘ஸ்டீவியால் க்ளைகோஸைடுகள்’ எனப்படும். ஸ்டீவியால் என்ற மூலக்கூறே இவற்றின் நடுத்தண்டு. அதில் குளுக்கோஸ் துண்டுகள் கிளைகளைப் போல் இணைந்துள்ளன. மூன்று குளுக்கோஸ் துண்டுகள் சேர்ந்தது ஸ்டீவியோஸைடு. நான்கு சேர்ந்தது ரெபாவுதியோஸைடு-ஏ. முன்னது நாவில் சற்றுக் கசப்பை விட்டுச் செல்லும். பின்னது ருசியில் மேலானது. காய்ந்த இலையில் பொதுவாக ஸ்டீவியோஸைடு 5 முதல் 10 சதவீதமும், ரெபாவுதியோஸைடு-ஏ 2 முதல் 4 சதவீதமும் காணப்படும்.

குளுக்கோஸ் இருந்தும் இவை இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாதது ஏன்? நமது வயிற்றிலும் சிறுகுடலிலும் சுரக்கும் ஜீரண நீர்களால் இப்பிணைப்புகளைப் பிரிக்க இயலாது. பெருங்குடலிலுள்ள பாக்டீரியாக்களே குளுக்கோஸைக் கழற்றித் தாமே உண்டுவிடுகின்றன. எஞ்சிய ஸ்டீவியால் உடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் மாற்றமடைந்து, சிறுநீருடன் வெளியேறுகிறது.

தயாரிக்கும் முறை

வெல்லத் தயாரிப்பில் நீரை நீக்கி மற்றவற்றைப் பெரும்பாலும் வைத்துக்கொள்கிறோம். ஸ்டீவியா தயாரிப்பில், இலையின் மற்றெல்லாவற்றையும் நீக்கி இனிப்பை மட்டும் தேடுகிறோம். இதுவே இரண்டிற்குமுள்ள முக்கிய வேறுபாடு.

முதலாவதாக, மொட்டு விடும் தருணத்தில் செடியை அறுத்து, விரைவில் உலர்த்தி, இலையைத் தண்டிலிருந்து பிரிக்கின்றனர். தண்டில் இனிப்புக் குறைவு. இரண்டாவதாக, காய்ந்த இலையை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்குகின்றனர். இச்சாறு தேயிலைக் கஷாயம்போல் கருமையாக இருக்கும். நிறப்பொருள்களும் புரதங்களும் உப்புகளும் அதில் கலந்திருக்கும். மூன்றாவதாக, சுண்ணாம்பு முதலியவற்றைச் சேர்த்து அழுக்குகளைத் திரளச் செய்து வடிகட்டுகின்றனர். வெல்லக் கொப்பரையில் சுண்ணாம்பு செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே.

நான்காவது படி கிராமத்தில் செய்யக்கூடியதன்று. தெளிந்த சாற்றை, நுண்துளைகள் நிறைந்த செயற்கை ரெஸின் மணிகள் அடங்கிய உயரமான குழாய்களின் வழியே செலுத்துகின்றனர். இனிப்புப் பொருள்கள் மணிகளில் ஒட்டிக்கொள்ள, மற்றவை நீரோடு போய்விடுகின்றன. பின்னர் ஆல்கஹால் கலந்த நீரைச் செலுத்தினால் இனிப்புப் பொருள்கள் கழன்று வருகின்றன. இறுதியாக, நிறம் நீக்கி, ஆல்கஹாலை ஆவியாக்கி மீட்டு, பளிங்காக்கி உலர்த்தினால் வெண்மையான தூள் கிடைக்கிறது. அதில் 95 சதவீதத்திற்குக் குறையாமல் ஸ்டீவியால் க்ளைகோஸைடுகள் இருத்தல் வேண்டும் என்பது சர்வதேச நியதி.

பத்து சதவீதம் இனிப்புப் பொருளுள்ள நூறு கிலோ காய்ந்த இலையில் பத்துக் கிலோ தூளுக்கான சரக்கு உள்ளது. தயாரிப்பில் ஒரு பகுதி சேதமாகும். எனினும், 250 மடங்கு இனிப்பு என்று கொண்டால், முழுவதும் கிடைக்கும் பத்துக் கிலோ 2,500 கிலோ சீனியின் இனிப்பிற்குச் சமம். நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரிலுள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிலையம் இச்செடியின் தேர்ந்த வகைகளையும் தயாரிப்பு முறைகளையும் உருவாக்கியுள்ளது.

எதனைச் செய்யும், எதனைச் செய்யாது

ஸ்டீவியா இனிப்பைத் தரும். ஆனால் சர்க்கரையின் மற்ற வேலைகளைச் செய்யாது. இதற்குத் திருப்பதி லட்டைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டில், கடலை மாவுப் பூந்தியை ஒன்றாகப் பிணைப்பது சர்க்கரைப் பாகே. பாகின் பிசுபிசுப்பும் கனமும் பதமும் சர்க்கரைக்கே உரியவை. ஒரு கிலோ சீனிக்கு ஈடான ஸ்டீவியா நான்கு கிராம் மட்டுமே. அதனைக் கொண்டு பாகு காய்ச்ச முடியாது, உருண்டை பிடிக்க முடியாது. ஊறுபழம், ஜாம் ஆகியவற்றைக் கெடாமல் காப்பதும் சர்க்கரையின் அடர்த்தியே. ஆகவே காப்பி, தேநீர், மோர், எலுமிச்சைச் சாறு போன்ற பானங்களில்தான் ஸ்டீவியா எளிதில் பயன்படும்.

கடையில் விற்கும் பொட்டலங்களில் தூளின் எடையைக் கூட்ட வேறு பொருள்கள் சேர்க்கப்படுவதுண்டு. குளுக்கோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் போன்றவை சேர்ந்திருப்பின் அவை இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றக்கூடியவை. ஆதலின், பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டுள்ள பொருள்களின் பட்டியலைப் படித்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால் என்பது சர்வதேச நிபுணர் குழு 2008-ஆம் ஆண்டில் வகுத்த எல்லை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 700 மில்லிகிராம் ரெபாவுதியோஸைடு-ஏ ஆகும். 140 கிராம் சீனியின் இனிப்பிற்கு மேற்பட்ட அளவு இது. சாதாரணமாக யாரும் இதனை எட்டமாட்டார்கள். எனினும், உடல் எடையைக் குறைக்கும் நோக்கத்துடன் ஸ்டீவியா உள்ளிட்ட சர்க்கரையற்ற இனிப்புகளை உபயோகிக்க வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ஆம் ஆண்டு மே மாதம் ஆலோசனை கூறிற்று. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அவ்வாலோசனை பொருந்தாது. அவர்கள் தம் மருத்துவரைக் கேட்டு நடப்பதே முறை. ஸ்டீவியா மருந்தன்று, அதனை அருந்துவதால் மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தலாகாது.

விவசாயிக்குக் கூற வேண்டியவை

கரும்பிற்குப் பதிலாகச் சீனித்துளசி பயிரிடலாமா என்று கேட்கும் விவசாயிக்கு அவசரப்பட்டு விடை கூறலாகாது. இச்செடிக்கு ஆழமற்ற வேர். ஆகவே அடிக்கடி சிறிதளவு நீர் வேண்டும், ஆனால் நீர் தேங்கலாகாது. விதை சரிவர முளைப்பதில்லையாதலின் தண்டு நாற்றுகளோ திசு வளர்ப்பு நாற்றுகளோ தேவை. ஏக்கருக்குச் சுமார் 30,000 நாற்றுகள் நடுவது வழக்கம், முதற்செலவு அதிகம். ஒருமுறை நட்டால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பலன் தரும்.

மற்றொரு முக்கிய விஷயம் பகற்பொழுதின் நீளம். பகல் சுமார் 13 மணிக்குக் குறைந்தால் இச்செடி பூக்க முற்படுகிறது. பூத்தபின் இலையின் வளர்ச்சியும் இனிப்பும் குறைகின்றன. பாலம்பூரில் கோடைப்பகல் 14 மணி நேரத்தைத் தாண்டுகிறது. சித்தூரிலோ ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணிக்குச் சற்றுக் குறைவே. எனவே இங்கு செடி இளமையிலேயே பூக்கும் போக்குடையதாக இருக்கும். மொட்டுகளை அவ்வப்போது கிள்ளுவதும், தாமதமாகப் பூக்கும் வகைகளைத் தேர்வதும் அவசியமாகும். வடக்கே கிடைத்த விளைச்சலை இங்கும் எதிர்பார்த்துக் கணக்கிடுவது தவறு.

விற்பனையிலும் எச்சரிக்கை தேவை. வெல்லத்தை விவசாயி தானே காய்ச்சிச் சந்தையில் விற்கலாம். காய்ந்த ஸ்டீவியா இலைக்கோ, ரெஸின் குழாய்கள் கொண்ட தொழிற்சாலையே பெரும் வாடிக்கையாளர். உலக உற்பத்தியில் சீனா முன்னணியில் நிற்கிறது. மேலும், இலையில் மிகச் சொற்பமாக உள்ள உயர்ந்த ருசியுடைய ரெபாவுதியோஸைடு-எம் போன்றவற்றை ஈஸ்ட்டைக் கொண்டு தொட்டிகளில் நொதிக்கச் செய்து தயாரிக்கும் முறையும் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே, வாங்குபவர் யார், இனிப்பின் சதவீதத்தை யார் சோதிப்பர், விலை எழுத்தில் உள்ளதா என்னும் மூன்றையும் தெளிந்த பின்னரே, அதுவும் சில சென்ட் நிலத்தில் மட்டும், முதல் பயிரைத் தொடங்கும்படி கூற வேண்டும். நாற்று விற்பவரின் வாக்கை மட்டும் நம்பிக் கரும்பை அழிப்பது விவேகமன்று.

பள்ளியில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் மாணவருக்கு இவ்விஷயத்தை எளிதில் விளக்கலாம். இரண்டு சிறு புட்டிகளில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கரண்டி ரொட்டி ஈஸ்ட் கலக்குக. ஒன்றில் இரு கரண்டி வெல்லத்தூளும், மற்றதில் ஒரு சிட்டிகை சுத்தமான ஸ்டீவியாத் தூளும் இடுக. புட்டிகளின் வாயில் பலூன்களை மாட்டிவைத்தால், சுமார் ஒரு மணி நேரத்தில் வெல்லப் புட்டியின் பலூன் கரியமில வாயுவால் உப்பத் தொடங்கும். மற்றது ஏறக்குறைய அப்படியே தொங்கும். ஸ்டீவியாப் பொட்டலத்தில் குளுக்கோஸ் கலந்திருந்தால், இரண்டாம் பலூனும் உப்பி அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நாவுக்கு இரண்டும் இனிப்பே. ஈஸ்ட்டுக்கு ஒன்றுதான் உணவு. இனிப்பு வேறு, சர்க்கரை வேறு என்னும் இவ்வுண்மை ஊரில் பரவினால், வெல்லத்தை மருந்தென்று எண்ணி உண்ணும் நோயாளியும், இலையைப் பொன்னென்று எண்ணிக் கடன்படும் விவசாயியும் ஒருங்கே காக்கப்படுவர்.