பைக் கியர் போட்டதும் ஆஃப் ஆகுதா? சைடு ஸ்டாண்ட் சென்சாரை செக் பண்ணுங்க!

பெட்ரோல் இருக்கு, பேட்டரியும் ஓகே. நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகும் பைக், கியர் போட்டதும் நின்னுடுதா? காரணம் சைடு ஸ்டாண்ட் சென்சாராக இருக்கலாம்.

ஏன் பழுதாகிறது?

ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் இன்ஜினை நிறுத்துவதுதான் இதன் வேலை. தரையை ஒட்டி இருப்பதால் சேறும் தண்ணீரும் எளிதில் புகுந்துவிடும். அப்புறம் ஸ்டாண்டை மடக்கினாலும், இறங்கியே இருப்பதாக தப்பான சிக்னல் போகும்.

எப்படி கண்டுபிடிப்பது?

முதலில் சேற்றைக் கழுவி, வயர் கனெக்டரை கழற்றி துடைத்து மாட்டுங்க. சில நேரம் இதிலேயே சரியாகிடும். இரண்டு வயர் சுவிட்ச் வகை என்றால், மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து ஸ்டாண்டை ஏற்றி இறக்குங்க. ரீடிங் மாறவே இல்லையா? மாற்ற வேண்டியதுதான்.

எப்படி மாற்றுவது?

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சாவியை ஆஃப் செய்து, கனெக்டரையும் போல்ட்டையும் கழற்றுங்க. உங்கள் மாடலுக்கான சென்சாரையே மாட்டுங்க. வயர் சைலன்சரில் படக்கூடாது.

வயரை ஜாயின்ட் அடிக்கலாமா?

கூடவே கூடாது! வண்டி ஓடும்தான். ஆனால் ஸ்டாண்டை மறந்து கிளம்பினால், இடது பக்கம் திரும்பும்போது அது ரோட்டில் இடித்து ஆளையே கவிழ்த்துவிடும்.