நுண்கட்டுப்படுத்திப் பலகைக்கு ஏற்ற படிக அதிர்வெண்

மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தி தன் கட்டளைகளை ஒரு சீரான துடிப்புக்கு ஏற்ப நிறைவேற்றுகிறது. அத்துடிப்பைத் தருவது பெரும்பாலும் ஒரு குவார்ட்ஸ் படிகம். திட்டப்பணி செய்யும் மாணவர் பலர், வேகம் கூடினால் நல்லது என்று எண்ணி 16 அல்லது 20 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை வாங்கிவிடுகின்றனர். உண்மையில் பலகை எங்கே இருக்கும், எதனோடு பேசும், மின்சாரம் எங்கிருந்து வரும் என்பவையே அதிர்வெண்ணைத் தீர்மானிக்க வேண்டும்.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர்ப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நகரம் மலையடிவாரத்தில் சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வரும் போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம். அதற்கப்பால் ஏலமலைத் தோட்டங்கள். பறித்த ஏலக்காயைப் பச்சை நிறம் கெடாமல் சுமார் 45 முதல் 50 டிகிரி செல்சியஸில் உலர்த்துகின்றனர். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியில் நடக்கிறது. அங்கே நிறமும் காயின் பருமனும் விலையைப் பாதிக்கும். ஆகவே, உலர் அறையின் வெப்பத்தைப் பதியும் பலகை ஒன்று, சரிவில் மண் ஈரத்தைப் பதியும் பலகை ஒன்று என இரண்டைக் கருதலாம். இரண்டுக்கும் ஒரே படிகம் பொருந்தாது.

உலர் அறைப் பலகை

இப்பலகை அளவீடுகளைத் தொடர்முறையில் கணினிக்கு அனுப்ப வேண்டும். கல்லூரிகளில் பழக்கமான 8051 சில்லில் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் இட்டால் ஓர் இயந்திரச் சுழற்சி சரியாக 1 மைக்ரோவினாடி. கணக்கிட வசதிதான். ஆனால் தொடர் தொடர்புக்கு அந்த அதிர்வெண் முதலில் 384 ஆல் வகுபட்டு 31,250 ஆகிறது. விநாடிக்கு 9,600 பிட் வேண்டுமெனில் அதை மீண்டும் 3.26 ஆல் வகுக்க வேண்டும். டைமரோ முழு எண்ணால்தான் வகுக்கும். 3 ஆல் வகுத்தால் 10,417 கிடைக்கும், அதாவது 8.5 விழுக்காடு பிழை. ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளோடு 10 பிட்டுகள். பத்தாவது பிட்டை எட்டும்போது பெறுநர் அரை பிட்டுக்குமேல் விலகிவிட்டால் எழுத்து சிதையும். எனவே மொத்தப் பிழை 5 விழுக்காட்டைத் தொடவே கூடாது; 2 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது.

11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற விந்தையான எண் கடைகளில் கிடைப்பதன் காரணம் இதுவே. அதை 384 ஆல் வகுத்தால் 28,800; மூன்றால் வகுத்தால் மிச்சமின்றி 9,600. அர்டுயினோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லு 16 மெகாஹெர்ட்ஸில் 9,615 தரும். பிழை 0.16 விழுக்காடே என்பதால் கவலையில்லை. ஆனால் அதே படிகத்தில் 115,200 கேட்டால் பிழை 2.1 விழுக்காடு ஆகிவிடும்.

படிகமே வேண்டாம், சில்லுக்குள் இருக்கும் ஆர்சி அலையியற்றி போதும் என்பாரும் உண்டு. இச்சில்லில் அதன் தொழிற்சாலைத் துல்லியம் 10 விழுக்காடு மட்டுமே. வெப்பத்தாலும் மின்னழுத்தத்தாலும் அது மாறவும் செய்யும். மேசையில் ஒழுங்காகப் பேசிய பலகை 50 டிகிரி அறையில் உளறலாம். உலர்த்தும் நேரத்தில் சில விநாடி கூடிக் குறைவதால் காய்க்கு ஒன்றும் ஆகாது. படிகம் இங்கே தேவைப்படுவது தகவல் சிதையாமல் போய்ச் சேர்வதற்காகத்தான்.

சரிவில் உள்ள பலகை

பேட்டரியில் இயங்கும் இப்பலகைக்கு 3.3 வோல்ட் கிடைக்கும் எனக் கொள்வோம். ஏடிமெகா328பி 10 மெகாஹெர்ட்ஸுக்கு 2.7 வோல்ட்டும், 20 மெகாஹெர்ட்ஸுக்கு 4.5 வோல்ட்டும் கேட்கிறது. 3.3 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் வரம்பு மீறியது. மேசையில் வேலை செய்துவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. 8 மெகாஹெர்ட்ஸே தக்கது.

பெரும்பாலான நேரம் சில்லு உறங்கும்; அப்போது 32,768 ஹெர்ட்ஸ் கடிகாரப் படிகம் மட்டும் ஓடும். 32,768 என்பது இரண்டின் 15-ஆம் அடுக்கு. 15 முறை பாதியாக்கினால் ஒரு விநாடி. இசைக்கவை வடிவிலான இப்படிகம் 25 டிகிரியை ஒட்டியே சரியாக ஓடும். சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும், அதுவும் வெப்ப வேறுபாட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப. 10 டிகிரி குளிரில் நாளொன்றுக்குச் சுமார் 0.7 விநாடியும், 50 டிகிரியில் 1.8 விநாடியும் பின்தங்கும். ஆகவே பகல் வெயிலும் இரவுக் குளிரும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என எதிர்பார்க்கக் கூடாது. இதனுடன் படிகத்தின் தயாரிப்புப் பிழையும் உண்டு. பத்து லட்சத்தில் 20 பங்கு என்றால் மாதத்துக்கு 52 விநாடி.

மணிக்கொருமுறை ஈரத்தைப் பதிய இது பொருட்டல்ல. பல பலகைகள் ஒரே ரேடியோ அலைவரிசையில் முறைவைத்து ஒரு விநாடி நேரத்துக்குள் பேச வேண்டுமானால், சில நாட்களிலேயே ஒன்றோடொன்று மோதும். வெப்ப ஈடுசெய்யப்பட்ட டிஎஸ்3231 போன்ற கடிகாரச் சில்லு 0 முதல் 40 டிகிரி வரை ஆண்டுக்கு ஒரு நிமிட அளவே விலகும். நாளொருமுறை மையப் பலகையிலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்வது இன்னும் மலிவான வழி.

படிகத்தின் இருபுறமும் வைக்கும் மின்தேக்கிகளும் அதிர்வெண்ணைப் பாதிக்கும். 18 பிக்கோஃபாரட் சுமைக்கு உரிய படிகத்துக்கு, பலகையின் தடங்கள் தரும் கொள்ளளவைக் கழித்தால், 22 முதல் 27 பிக்கோஃபாரட் மின்தேக்கிகள் பொருந்தும். மலையில் மூடுபனி மிகுதி. ஈரக்கசிவு 32,768 ஹெர்ட்ஸ் படிகத்தை நிறுத்தியேவிடக்கூடும். ஆகவே பற்றவைத்த பசையை நன்கு கழுவி, பலகைக்குக் காப்பு வார்னிஷ் பூச வேண்டும். அதிர்வெண்ணை அளக்கும்போது படிகத்தின் காலில் அலைநோக்கியின் முனையை வைத்தால் அந்த முனையின் கொள்ளளவே அளவை மாற்றிவிடும். ஏடிமெகா328பியின் கடிகார வெளியீட்டுக் காலை இயக்கி அதில் அளப்பதே முறை.