நூல் வாங்கும் முன் மூன்று கணக்கு: குரோஷே கத்துக்க நினைக்கிறவங்களுக்கு



செலவு குறைந்த பொழுதுபோக்குகள் பற்றி நம்ம சேனலில் பேசியதிலிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது: "சார், குரோஷே கத்துக்கலாம்னு இருக்கேன். ஐநூறு ரூபாய்ல ஆரம்பிக்க முடியுமா? பின்னி வித்தா சைடு இன்கம் வருமா?"

ஐநூறுக்குள் தாராளமாக ஆரம்பிக்கலாம். வருமானம் வருமா என்பது வேறு கணக்கு, அதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால் நூல் விஷயம். எங்க ஊர் அருப்புக்கோட்டை. தறியும் நூல் மில்லும் இருக்கிற ஊர் என்பதால் என் ஆடிட் மேஜையில் பாதி நாள் நூல் பில்தான் கிடக்கும். அந்த பில்களில் இருக்கிற சில எண்களைப் படிக்கத் தெரிந்தால், கடையில் நூல் உருண்டையைக் கையில் எடுக்கும்போது உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

முதலில், எது எது?

நிட்டிங் என்பது இரண்டு ஊசிகளால் பின்னுவது. வரிசையில் இருக்கும் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே நிற்கும். ஒன்று நழுவினால் கீழே வரைக்கும் அவிழும். குரோஷே என்பது ஒரே ஒரு கொக்கி ஊசி. பெரும்பாலும் ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். தப்பாகப் போனால் இழுத்துப் பிரித்துவிட்டு அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். பஸ்ஸிலோ ட்ரெயினிலோ போகிறவர்களுக்கு இதுதான் வசதி. ஆனால் அதே அளவு துணிக்கு நிட்டிங்கை விட குரோஷே நூலைக் கூடுதலாகச் சாப்பிடும்.

இன்னொரு வித்தியாசம் முக்கியம். நாம போட்டிருக்கிற பனியன், டி-ஷர்ட் எல்லாமே நிட்டிங்தான். திருப்பூரில் மெஷின் அதை மணிக்கணக்கில் ஓட்டித் தள்ளுகிறது. அசல் குரோஷேவை அப்படிப் போட்டுத்தள்ளும் மெஷின் சந்தையில் கிடையாது. கடையில் தொங்குகிற அசல் குரோஷே டாப் எவ்வளவு மலிவாக இருந்தாலும், அதை யாரோ ஒருத்தர் கையால் பின்னியிருக்கிறார். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கணக்கு 1: உடம்பு

நம்ம பக்கம் பின்னல் நூல் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: உல்லன். ஆனால் ஃபேன்சி ஸ்டோரில் "உல்லன் நூல்" என்று கொடுப்பதில் பெரும்பாலானது கம்பளியே இல்லை, அக்ரிலிக். அதாவது செயற்கை இழை. வண்ணம் பளிச்சென்று இருக்கும், எடை குறைவு, விலையும் குறைவு. பொம்மைக்கு, சுவர் அலங்காரத்துக்கு அருமையான நூல். உடம்பில் போடுவதற்கு?

ஈரத்தை வாங்கும் திறனைப் பாருங்க. சாதாரணக் காற்றில், 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8.5 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கம்பளி சுமார் 16 கிராம். அக்ரிலிக் ஏறக்குறைய 2 கிராம்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சித்திரை வெயிலில் அக்ரிலிக் டாப் போட்டால் வேர்வை எங்கேயும் போகாது, உங்க மேலேயே நிற்கும். கம்பளி வேர்வையை வாங்கும், ஆனால் சூட்டையும் பிடித்து வைக்கும். அது ஊட்டிக்கு. கரிசல் காட்டுக்குப் பருத்திதான்.

பருத்தியிலும் எல்லாம் ஒன்றல்ல. இந்தக் கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணி ரகம் குட்டை இழைப் பருத்தி. இழை குட்டையாக இருந்தால் நூலில் முனைகள் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும், தோலில் உறுத்தும். இழை நீளமாக இருந்தால் நூல் வழவழப்பாக வரும். மில்லில் குட்டை இழைகளைச் சீவித் தள்ளிவிட்டு நூற்பதற்குப் பெயர் ‘கோம்ப்டு’. லேபிளில் கோம்ப்டு காட்டன் என்று இருந்தால் கழுத்துக்கும் குழந்தைக்கும் நல்லது. ‘மெர்சரைஸ்டு’ என்றால் காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தியது. பளபளப்பு இருக்கும், பிசிறு குறையும், கொஞ்சம் விறைப்பு. பை, மேஜை விரிப்புக்கு அது. ‘மில்க் காட்டன்’ என்று ஆன்லைனில் விற்பது பெரும்பாலும் கலப்பு நூல். பெயரைப் பார்க்காதீங்க, சதவீதத்தைப் பாருங்க.

லேபிளே இல்லையா? ஒரு சாண் நூலை எவர்சில்வர் தட்டில் வைத்துப் பற்றவையுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். இதே காரணத்தால் பாத்திரம் பிடிக்கிற துணியை அக்ரிலிக்கில் பின்னவே கூடாது. சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

உறுத்துமா என்று பார்க்க உள்ளங்கை உதவாது, அதன் தோல் தடிமன். தாடைக்குக் கீழே கழுத்தில் தேய்த்துப் பாருங்க. அல்லது சின்னத் துண்டு பின்னி, சட்டைக் காலருக்குள் பத்து நிமிடம் வையுங்க. பிறகு அந்தத் துண்டை அளந்து, துவைத்து, காய்ந்ததும் மறுபடி அளங்க. பருத்தி சுருங்கும். எவ்வளவு என்பதை முப்பது மணி நேரம் உழைத்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம்.

கணக்கு 2: மீட்டர்

எல்லாரும் நூல் விலையை 100 கிராமுக்கு ஒப்பிடுகிறார்கள். அது தப்பான அளவுகோல். பருத்தி இழை அக்ரிலிக்கை விடக் கனமானது. ஒரே தடிமனில் 100 கிராம் அக்ரிலிக் 270 மீட்டர் வந்தால், பருத்தி சுமார் 210 மீட்டர்தான் வரும். நாம பின்னுவது மீட்டரை, கிராமை அல்ல.

ஒரு கையில்லாத டாப்புக்கு 800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விலை கடைக்குக் கடை மாறும், இது கணக்குக்காக மட்டும்:

- அக்ரிலிக்: 100 கிராம் 110 ரூபாய். 3 உருண்டை, 330 ரூபாய்.
- பருத்தி: 100 கிராம் 200 ரூபாய். 4 உருண்டை, 800 ரூபாய்.

பார்த்ததும் அக்ரிலிக்தான் லாபம் என்று தோணும். ஆனால் கசகசப்பில் அதை நாலு தடவை போட்டுவிட்டு பீரோவில் வைத்தால், ஒரு தடவை போட்ட செலவு 82 ரூபாய். பருத்தி டாப்பை 40 தடவை போட்டால் ஒரு தடவைக்கு 20 ரூபாய். மியூச்சுவல் ஃபண்டில் செலவு விகிதம் பார்க்கிற நாம், துணியிலும் இந்த விகிதத்தைப் பார்க்கலாமே.

இன்னொரு தகவல்: 2025 செப்டம்பர் 22-க்கு முன் செயற்கை இழை நூலுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம், பருத்தி நூலுக்கு 5. இப்போது இரண்டுக்கும் 5. உருண்டை வாங்கும்போது லேபிளில் சாய லாட் எண்ணையும் பாருங்க. லாட் மாறினால் நிறம் லேசாக மாறும். ஒரு உருப்படிக்குத் தேவையானதை ஒரே லாட்டில் வாங்குவது நல்லது.

எங்க ஊர்க் கணக்கு: நம்பர் நூல்

நெசவு ஊர்களில் நூலை நம்பர் சொல்லித்தான் கேட்பார்கள்: இருபதாம் நம்பர், நாற்பதாம் நம்பர். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் இப்படி எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு.

கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று தெரிய, நம்பரை 1.69-ஆல் பெருக்குங்க. பத்தாம் நம்பர் ஒற்றை இழை என்றால் கிராமுக்கு சுமார் 17 மீட்டர். எட்டு இழையைச் சேர்த்து முறுக்கினால் 100 கிராமுக்கு சுமார் 210 மீட்டர். மேலே டாப்புக்குச் சொன்ன அதே தடிமன்! உங்க ஊரில் கோன் நூல் கிடைத்தால், இந்தக் கணக்கை வைத்துக் கிலோ விலையை மீட்டர் விலையாக மாற்றி ஒப்பிடலாம். இரண்டு எச்சரிக்கை மட்டும். முறுக்காத இழைகளைச் சும்மா சேர்த்துப் பின்னினால் கொக்கி நடுவில் குத்திப் பிரிக்கும், அதனால் முறுக்கிய நூலாகக் கேளுங்க. சலவை செய்யாத கோரா நூல் என்றால் பின்னுவதற்கு முன் ஒருமுறை சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசி எடுங்க.

கணக்கு 3: மணி

இப்போ சைடு இன்கம் கேள்வி. ஒரு பை பின்னுகிறீர்கள். நூல் 250 ரூபாய், நேரம் 8 மணி. 500 ரூபாய்க்கு வித்தாச்சு. "டபுள் லாபம்" என்று ஸ்டேட்டஸ் போடலாம். ஆனால் எட்டு மணி நேரத்துக்குக் கிடைத்தது 250 ரூபாய். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலியே 336 ரூபாய். திருச்சுழி பக்கம் கண்மாயில் மண் வெட்டுகிற அக்காவின் கூலி உங்க பையை விட அதிகம். மாதம் 30,000 சம்பளம் வாங்குகிற உங்களுக்கு, 26 நாள், 8 மணி என்று வைத்தால், ஆபீஸில் ஒரு மணி நேரத்தின் விலை 144 ரூபாய்.

இது உங்க ஒருத்தரோட பிரச்சினை மட்டும் இல்லை. ஆந்திராவின் நரசாபுரம் பகுதியில் பெண்கள் தலைமுறைகளாகக் குரோஷே லேஸ் பின்னி வெளிநாட்டுக்குப் போகிறது. மரியா மீஸ் என்ற சமூகவியலாளர் அவர்களைப் பற்றி 1982-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் காட்டியது இதுதான்: அந்தப் பெண்கள் ‘சும்மா வீட்டில் இருக்கும் இல்லத்தரசிகள்’, லேஸ் அவர்களுடைய ஓய்வுநேர வேலை என்று சொல்லியே கூலியைத் தரையில் வைத்திருந்தார்கள். "பொழுதுபோக்குதானே" என்ற ஒரு வார்த்தை கூலியை எவ்வளவு கீழே இறக்கும் என்பதற்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

நீங்க சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு, பொழுதுபோக்காகப் பின்னிய பையை நூல் விலைக்கே விற்றால் உங்களுக்கு நஷ்டம் தெரியாது. அதே பையை நம்பி அடுப்பெரிக்கிற இன்னொரு பெண்ணின் விலையையும் சேர்த்து இறக்குகிறீர்கள். அதனால் விற்பதாக இருந்தால், நூல் விலையோடு மணிக்கூலியைச் சேர்த்து விலை சொல்லுங்க. அந்த விலைக்கு ஆள் இல்லையென்றால் விற்க வேண்டாம். நண்பருக்குப் பரிசாகக் கொடுங்க. 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை பின்னி கின்னஸில் ஏறினார்கள். பின்னலின் பலன் எல்லாமே ரூபாயில் வரணும்னு இல்லை.

விற்றே ஆகணும் என்றால், அந்தத் தொகை சின்னதாக இருந்தாலும் வியாபார வருமானம். ஐடிஆர்-1 போதாது. உத்தேச வரி முறையில் ஐடிஆர்-4 பொதுவாக எளிது: டிஜிட்டலில் வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபமாகக் காட்டலாம். மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிமாநில ஆர்டருக்கு விதி வேறு, எடுக்கும் முன் உங்க ஆடிட்டரிடம் கேளுங்க.

இந்த மாசம் என்ன வாங்கலாம்?

- 4 அல்லது 5 மி.மீ. கொக்கி ஊசி ஒன்று. செட் வேண்டாம்.
- வெளிர் நிறத்தில் 100 கிராம் பருத்தி நூல் ஒன்று. கருப்பு வேண்டாம், கண்ணி தெரியாது.
- மொட்டை முனை ஊசி, சின்னக் கத்தரிக்கோல்.
- முதல் உருப்படி முகம் துடைக்கும் துணி, அடுத்தது வாட்டர் பாட்டில் பை. டாப் எல்லாம் அப்புறம்.
- மாதம் 300 ரூபாய் என்று ஒரு வரம்பு. கையில் இருக்கிற உருண்டை தீராமல் புது உருண்டை கிடையாது.

பருத்தி நூல் நீளாது, அதனால் மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும். அரை மணிக்கு ஒருமுறை கையை உதறி விடுங்க. முதல் துணியைப் பின்னி முடிக்க எத்தனை மணி நேரம் ஆச்சு என்று எழுதி வைத்து, கமென்ட்ல சொல்லுங்க. யார் எவ்வளவு அழகாகப் பின்னினீங்க என்பதை விட அந்த எண்தான் எனக்கு வேணும். அதை வைத்து அடுத்த பதிவில் கைவேலைக்கு விலை வைப்பது எப்படி என்று விரிவாகப் பார்ப்போம்.