ஈரல் மாற்றப்பட்ட குழந்தையும் பெற்றோரின் கடமையும்

கல்லீரல் மாற்றுச் சிகிச்சை முடிந்து குழந்தை வீடு திரும்பிவிட்டால் நோய் தீர்ந்தது என்று எண்ணுவது நம் மக்களிடையே இயல்பு. முறிந்த எலும்பு கூடிய பின் மருத்துவரை நாம் மறந்துவிடலாம், மாற்றுறுப்பு அத்தகையதன்று. மருத்துவர்களின் அறுவை வேலை ஒரு நாளில் முடிகின்றது. பெற்றோரின் வேலையோ அதன் பின்னரே தொடங்குகின்றது.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமியின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டிருந்த அவருக்கு 1998 நவம்பரில், இருபது மாதக் குழந்தையாயிருந்தபோது, டில்லி அப்போலோ மருத்துவமனையில் தந்தையின் ஈரலில் ஒரு பகுதி எடுத்துப் பொருத்தப்பட்டது. இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றியுடன் நிறைவேறிய முதல் ஈரல் மாற்றுச் சிகிச்சை அதுவே. அக்குழந்தை வளர்ந்து, படித்து, தாமே ஒரு மருத்துவரானார். நம் நாட்டிலும் 1995-இல் சுபாங் ஜெயாவில் நடைபெற்ற முதல் ஈரல் மாற்றுச் சிகிச்சை ஒரு குழந்தைக்கே செய்யப்பட்டது.

இந்நோயை முதலில் கண்டுகொள்ள வேண்டியவர் தாயே. பிறந்த குழந்தைகள் பலருக்கும் சில நாள் மஞ்சள் காண்பதுண்டு. அது தானே மறையும். இரண்டு வாரங்களுக்கு மேலும் மஞ்சள் நீடித்தால், அதனினும் முக்கியமாகக் குழந்தையின் மலம் மஞ்சளாக இல்லாமல் வெளுத்துக் களிமண் நிறத்தில் இருந்தால், காலை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருத்தல் கூடாது. உடனே கிளினிக்குக்குக் கொண்டு செல்க. அடைபட்ட பித்தநாளத்துக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவைச் சிகிச்சை ஒன்று உண்டு. அதனைக் குழந்தை பிறந்த இரண்டு மாதங்களுக்குள் செய்தால் பலன் மிகுதி. காலம் தாழ்ந்தால் ஈரல் கெட்டு, மாற்று ஈரலைத் தவிர வேறு வழியில்லாமற் போகின்றது.

ஈரலுக்கு ஒரு வியப்பான தன்மை உண்டு. அதன் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும், எஞ்சியது சில மாதங்களில் ஏறத்தாழப் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். ஆதலால்தான் தந்தையோ தாயோ உயிருடன் இருந்தே தம் ஈரலில் ஒரு பங்கைக் குழந்தைக்கு அளிக்க முடிகின்றது. ஆயினும் கொடுத்தவரும் ஒரு நோயாளியே. வயிற்றில் பெரிய வெட்டுக்காயம் ஆறும் வரை பல வாரங்களுக்குப் பால் வாளி சுமத்தலும் உரமூட்டை தூக்குதலும் ஆகா. தந்தை ஈரல் கொடுத்தால் குழந்தையருகில் இருக்க வேண்டியவர் தாய். அவ்வேளையில் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பாட்டியோ அண்டை வீட்டாரோ பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டை அறுவைக்கு முன்னரே பேசி முடித்துக்கொள்வது நன்று.

நம் உடல் அயலான எப்பொருளையும் பகையாகக் கருதித் தாக்கும். தந்தையின் ஈரலேயாயினும் குழந்தையின் உடலுக்கு அது அயலானதே. இத்தாக்குதலை அடக்கி வைப்பதற்கே நாள்தோறும் மருந்து கொடுக்கப்படுகின்றது. இவற்றுள் பெரிதும் வழங்கும் டாக்ரோலிமஸ் என்னும் மருந்து 1984-இல் ஜப்பானிய மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. இதனைப் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கொரு முறை, தவறாத நேரத்தில், கொடுத்தல் வேண்டும். அளவு குறைந்தால் ஈரல் தாக்கப்படும். மிகுந்தால் சிறுநீரகம் கெடும். இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிப்பதற்காகவே அடிக்கடி வரச் சொல்கின்றனர்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனித்தல் வேண்டும். அச்சோதனைக்குக் காலை மருந்தைக் கொடுக்காமல் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டும். இரத்தம் எடுத்த பின்னரே மருந்து. கூலிமிலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ விடியுமுன் புறப்பட்டுப் பாலம் கடந்து பினாங்குப் பெரிய மருத்துவமனைக்கு வரும் பெற்றோர், வழியில் நேரமாயிற்றே என்று மருந்தைக் கொடுத்துவிட்டால் அன்றையப் பயணமே வீணாகும். மருந்தைப் பையில் வைத்துக்கொள்க.

பம்ளிமாஸ் பழம் பினாங்கிலும் ஈப்போவிலும் மலிவாகக் கிடைப்பது. பெருநாள் காலத்தில் அன்புடன் கொடுத்தனுப்புவர். ஆனால் அப்பழம் இரத்தத்தில் இம்மருந்தின் அளவை உயர்த்திவிடும். ஆதலின் இக்குழந்தைக்கு அது ஆகாது. மஞ்சள் காமாலைக்கு நம்மவர் அரைத்துக் கொடுக்கும் கீழாநெல்லியையும் பிற நாட்டு மருந்துகளையும் மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் கூடாது. நாட்டு மருந்தை நாம் பழிக்கவில்லை; இரு மருந்துகள் வயிற்றுக்குள் மோதிக்கொள்வதையே அஞ்சுகின்றோம்.

உடலின் தாக்கும் திறனை அடக்கியபின், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வலிமையும் குறைகின்றது. எனவே கொதித்தாறிய நீர், நன்கு வெந்த உணவு, சோப்பிட்டுக் கழுவிய கை ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. எலி நடமாடும் ஓடைகளிலும் கால்வாய்களிலும் குழந்தை விளையாடலாகாது; எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் நல்ல உடலையே வீழ்த்தக்கூடியது. சுரம் 38 பாகைக்கு ஏறினால் விடியட்டும் என்றிராமல் மருத்துவமனையுடன் தொடர்புகொள்க. வீட்டில் எவருக்கேனும் சின்னம்மை கண்டால், வாயிலில் வேப்பிலை செருகுவதோடு நின்றுவிடாமல், அன்றே தெரிவித்தல் வேண்டும். சில நாள்களுக்குள் கொடுத்தால் குழந்தையைக் காக்கும் மருந்து உண்டு.

தோட்டத்தில் ஒருவர் நோயுற்றால் லயமே திரண்டு பார்க்க வருவது நம் பண்பு. அப்பண்பை இங்கே சற்றுத் தள்ளிவைக்கத்தான் வேண்டும். தண்ணீர்மலையில் மொட்டையடிப்பதாக நேர்ந்துகொண்டவர்களும் தைப்பூச நெரிசலில் குழந்தையைக் கொண்டுபோகாமல், மருத்துவர் இசைவு பெற்று வேறொரு நாளில் செலுத்தலாம். முருகன் காத்திருப்பான்.

குழந்தையின் மனத்தையும் எண்ணுவோம். “அழுதால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்” என்று மிரட்டி வளர்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நாள்தோறும் ஊசியை எதிர்கொள்ளும் குழந்தைக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. வலிக்காது என்று பொய் கூறுவதும் தவறே. “சிறிது வலிக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொள்கிறேன்” என்று சொன்னால் குழந்தை நம்பும். சில மருந்துகளால் முகம் ஊதும், பசி பெருகும், காரணமின்றிக் கோபம் வரும். அது பிடிவாதமன்று, மருந்தின் விளைவு. அதற்காக அடித்தல் தகாது.

செலவைக் குறித்து ஒரு சொல். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் மிகக் குறைவு; குடிமகனென்று காட்ட இயலாதவருக்கோ அது பன்மடங்கு. எனவே பிறப்புப் பத்திரம் இல்லாத குழந்தைக்கு அதனைப் பெற இன்றே முயலுதல் வேண்டும். போக்குவரத்துக்கும் மருந்துக்கும் பணம் போதாதவர்கள் வெட்கப்பட்டு வருகையை நிறுத்திவிடுகின்றனர். பெரிய மருத்துவமனைகளில் சமூகநல அதிகாரிகள் இதற்கெனவே இருக்கின்றனர். வார்டுத் தாதியிடம் கேட்டால் அவர்களிடம் அழைத்துச் செல்வார். சம்பளச் சீட்டையும் அடையாளக் கார்டையும் உடன் கொண்டு செல்க.