எல்லை கடந்த இளம் வீரர்

நுழையும்முன்

பிறந்த ஊரில் கிட்டாத வாய்ப்பைத் தேடி வேற்றூருக்கும் வேற்று நாட்டுக்கும் செல்வது மனித இயல்பு. பெரும்பாலும் பெற்றோர் செல்வர். பிள்ளைகள் அவர்களைப் பின்தொடர்வர். ஆனால், பெற்றோர் ஊரிலேயே தங்கிவிட, பதினான்கு வயதில் தனியாக அயல்நாடு சென்ற சிறுவன் ஒருவனும் உண்டு. பின்னாளில் உலகக் கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்ற அவனது தொடக்கக் கால வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆற்றங்கரை நகரத்துச் சிறுவன்

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில், சோன் ஆற்றங்கரையில் அமைந்துள்ள நகரம் மாக்கோன். அந்நகரில் 1991ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் அந்துவான் கிரீஸ்மன் பிறந்தான். அவனுடைய தாய்வழிப் பாட்டனார் போர்ச்சுகல் நாட்டில் கால்பந்து ஆடியவர். பின்னர் பிரான்சில் வந்து குடியேறியவர். எனவே, கால்பந்தும் புலம்பெயர்வும் அக்குடும்பத்திற்குப் புதியவை அல்ல.

அந்துவான் உள்ளூர்க் கழகத்தில் ஆடிப் பழகினான். அவனுக்கு இடக்கால் பழக்கம். பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு விரைந்து திரும்புவதில் அவன் வல்லவனாக இருந்தான். மாக்கோனிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் லியோன் மாநகரம் உள்ளது. அந்நகரின் கால்பந்துக் கழகம் 2002 முதல் 2008 வரை தொடர்ந்து ஏழு முறை பிரான்சின் முதல்நிலைத் தொடரில் வாகை சூடிய பெருமைக்குரியது. அக்கழகத்தின் சீருடையை அணிந்து ஆட வேண்டும் என்பதே அந்துவானின் கனவு.

அக்கனவு நிறைவேறவில்லை. லியோன் கழகம் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. செயின்ட் எத்தியென், மெட்ஸ் முதலிய பிற கழகங்களின் கதவுகளும் திறக்கவில்லை. திறமை இல்லை என்று எவரும் கூறவில்லை. உருவம் சிறியது, உடல் மெலிந்தது என்பதே அவர்கள் கண்ட குறை.

அளவுகோலில் இருந்த பிழை

கழகங்கள் ஏன் அவ்வாறு முடிவு செய்தன? இதனை அறிய, சிறுவர்களின் உடல் வளர்ச்சியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஆண்டில் பிறந்த பிள்ளைகள் அனைவரும் ஒரே காலத்தில் வளர்வதில்லை. வளரிளம் பருவத்தில் தோன்றும் விரைவான வளர்ச்சி, சிலருக்குப் பன்னிரண்டு வயதிலேயே தொடங்கிவிடும். வேறு சிலருக்குப் பதினைந்து வயதில்தான் தொடங்கும். ஆகவே, பதின்மூன்று வயதினர் ஆடும் களத்தில், இளைஞனைப் போன்ற தோற்றமுடைய ஒருவனும் குழந்தையைப் போன்ற தோற்றமுடைய ஒருவனும் எதிரெதிரே நிற்கக்கூடும். முன்னவன் விரைவாக ஓடுவான், மோதலில் வெல்வான். பார்ப்பவர் கண்ணுக்கு அவனே சிறந்த வீரனாகத் தோன்றுவான். ஆனால், சில ஆண்டுகள் கழிந்தபின் மற்றவனும் வளர்ந்துவிடுவான். அப்போது முன்னவனுக்கு இருந்த அந்தச் சாதகம் மறைந்துவிடும்.

உருவில் சிறிய சிறுவனோ வலிமையை நம்பி ஆட இயலாது. பந்து வருமுன்னரே அடுத்து என்ன செய்வது என்று எண்ண வேண்டும். மோதலைத் தவிர்த்து வெற்றிடத்தைத் தேட வேண்டும். இவ்வாறு தேவையின் காரணமாகக் கற்ற நுட்பம், உடல் வளர்ந்த பின்னும் அவனை விட்டு நீங்காது. தேர்வாளர்கள் அன்றைய உடலை அளந்தார்கள். நாளைய ஆட்டத்தை அளக்கவில்லை. கிரீஸ்மன் பிற்காலத்தில் ஏறத்தாழ 175 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்தார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

பாரிசில் கிடைத்த அழைப்பு

2005ஆம் ஆண்டு, தெற்குப் பிரான்சின் மாண்ட்பெல்லியே கழகம் அந்துவானைச் சோதித்துப் பார்க்கும் நோக்குடன் பாரிசில் நடந்த இளையோர் போட்டிக்கு அழைத்துச் சென்றது. அங்கே எரிக் ஒலாட்ஸ் என்பவர் அமர்ந்து ஆட்டங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். இவர் ஸ்பெயின் நாட்டின் ரியல் சோசியதாத் கழகத்திற்காக இளம் வீரர்களைத் தேடிக் கண்டறிபவர். உருவில் சிறிய அச்சிறுவனின் ஆட்டம் அவருடைய கருத்தைக் கவர்ந்தது. ஸ்பெயினுக்கு வந்து ஒரு வாரம் பயிற்சியில் கலந்துகொள்ளுமாறு அவர் அழைப்பு விடுத்தார்.

பெற்றோர் உடனே இசையவில்லை. கழகம் கழகமாகச் சென்று ஏமாற்றத்துடன் திரும்பிய மகனை மீண்டும் ஒரு சோதனைக்கு அனுப்புவதா? அதுவும் மொழி தெரியாத நாட்டுக்கா? அவர்களின் தயக்கம் நியாயமானதே. எனினும், இறுதியில் ஒப்புதல் அளித்தனர். ஒரு வாரம் என்று தொடங்கிய பயிற்சி இரண்டாம் வாரமும் நீண்டது. அதன் முடிவில் கழகம் அவனைத் தன் இளையோர் பயிற்சிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டது.

ரியல் சோசியதாத், ஸ்பெயினின் வடகரையில் உள்ள சான் செபாஸ்டியன் நகரில் 1909ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கழகம். அது பாஸ்கு இன மக்கள் வாழும் பகுதியாகும். பல ஆண்டுகள் பாஸ்கு வீரர்களை மட்டுமே சேர்த்துக்கொண்ட அக்கழகம், 1989ஆம் ஆண்டில்தான் அயல்நாட்டு வீரருக்கு இடமளித்தது. பெரும்பணம் கொடுத்துப் புகழ்பெற்ற வீரர்களை வாங்குவது அதன் வழக்கமன்று. சிறுவர்களைச் சேர்த்துப் பொறுமையுடன் வளர்ப்பதே அதன் வழக்கம். அந்தப் பொறுமைதான் அந்துவானுக்குத் தேவையாக இருந்தது.

காலையில் ஒரு நாடு, மாலையில் ஒரு நாடு

அந்துவான் ஒலாட்சின் இல்லத்தில் தங்கினான். பிரான்சின் எல்லைக்குள் இருக்கும் பயோன் நகரப் பள்ளியில் கல்வியைத் தொடர்ந்தான். பகற்பொழுதில் பிரெஞ்சு மொழியில் பாடம்; மாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம் செய்து, எல்லையைக் கடந்து, ஸ்பெயினில் பயிற்சி. ஆடுகளத்தில் ஒலித்தது ஸ்பானிய மொழி. நகரத் தெருக்களின் பெயர்ப்பலகைகளில் பாஸ்கு மொழியும் இருந்தது. ஒரே நாளில் மூன்று மொழிகளுக்கு நடுவே அவன் வாழ்ந்தான்.

பெற்றோரோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் மாக்கோனில் இருந்தனர். விடுமுறை முடிந்து அவர்களைப் பிரியும்போது அழுததையும், வீட்டு நினைவு தம்மை வாட்டியதையும் கிரீஸ்மன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். கனவுக்கு அவன் கொடுத்த விலை அதுவே. இவ்வாறு நான்கு ஆண்டுகள் கழிந்தன. செய்தித்தாள்களில் அவன் பெயர் வரவில்லை. ஆனால், ஆட்டம் மெருகேறியது.

> தெரிந்து தெளிவோம்
> சான் செபாஸ்டியன் நகருக்குப் பாஸ்கு மொழியில் 'தொனோஸ்தியா' என்று பெயர். பாஸ்கு மக்கள் பிரான்சு, ஸ்பெயின் ஆகிய இரு நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்கள் பேசும் மொழி, உலகின் வேறெந்த மொழிக் குடும்பத்துடனும் தொடர்புடையதாக உறுதிசெய்யப்படவில்லை. இப்பகுதியில் இரு நாடுகளுக்கும் எல்லையாகப் பிடசோவா என்னும் ஆறு பாய்கிறது.

களம் இறங்கிய காலம்

2009ஆம் ஆண்டு ரியல் சோசியதாத் அணி ஸ்பெயினின் இரண்டாம்நிலைத் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது. உருகுவே நாட்டைச் சேர்ந்த பயிற்றுநர் மார்த்தின் லசார்த்தே, அணியின் இடப்புறத்தில் ஆட ஒருவரைத் தேடினார். அப்போது பதினெட்டு வயதான கிரீஸ்மனுக்கு வாய்ப்பு அமைந்தது. செப்டம்பர் 2ஆம் நாள், ராயோ வயேகானோ அணிக்கு எதிரான போட்டியின் இறுதிப் பகுதியில் மாற்று வீரராக அவர் களம் இறங்கினார். அதே மாதம் 27ஆம் நாள், உவெஸ்கா அணிக்கு எதிராகத் தொடக்கம் முதலே ஆடித் தம் முதல் கோலை அடித்தார். அப்பருவத்தின் முடிவில் ரியல் சோசியதாத் இரண்டாம்நிலைத் தொடரில் முதலிடம் பெற்றது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முதல்நிலைத் தொடருக்குத் திரும்பியது. அதில் கிரீஸ்மனின் பங்கு 6 கோல்கள்.

2010ஆம் ஆண்டு அக்டோபரில் தெப்போர்த்திவோ அணிக்கு எதிராக, முதல்நிலைத் தொடரில் தம் முதல் கோலை அடித்தபோது அவர் வெளிப்படுத்திய மகிழ்ச்சி வேடிக்கையானது. ஆடுகளத்தின் ஓரம் நின்றிருந்த சரக்கு வண்டியில் தோழர்களுடன் ஏறி, அதனை ஓட்டுவதுபோல் நடித்தார்! அவ்வாண்டு கோடையில், பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பையைப் பிரான்சு வென்றபோது, அவ்வணியிலும் அவர் இடம்பெற்றிருந்தார். வேண்டாம் என்று கழகங்கள் கூறிய சிறுவனை இப்போது நாடே அழைத்தது.

சறுக்கலும் எழுச்சியும்

வளர்ச்சிப் பாதையில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. 2012ஆம் ஆண்டு, பிரான்சின் இளையோர் அணி ஒரு முக்கியப் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அப்போது அனுமதியின்றி இரவில் விடுதியை விட்டு வெளியேறிய ஐந்து வீரர்களுள் கிரீஸ்மனும் ஒருவர். 2013 டிசம்பர் இறுதிவரை அவர் நாட்டின் எந்த அணியிலும் ஆடக்கூடாது என்று பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பு தடை விதித்தது. முன்னர்ச் செய்யாத குறைக்காக ஒதுக்கப்பட்டவர், இப்போது செய்த குறைக்காக ஒதுக்கப்பட்டார். விடையளிக்க அவருக்கிருந்த ஒரே இடம் ஆடுகளம்தான்.

2013ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், பருவத்தின் கடைசிப் போட்டியில் அவர் அடித்த ஒற்றைக் கோலால் ரியல் சோசியதாத் வென்றது. நான்காம் இடத்தையும் பிடித்தது. ஐரோப்பாவின் மிக உயர்ந்த கழகப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஆடும் உரிமை இதனால் கிட்டியது. தகுதிச் சுற்றில் எதிர்கொள்ள வேண்டிய அணி எது தெரியுமா? லியோன்!

ஆகஸ்ட் 20ஆம் நாள், தம் சிறுவயதுக் கனவுக்குரிய அந்த மைதானத்தில், எதிரணியின் சீருடையில் கிரீஸ்மன் நின்றார். பதினேழாம் நிமிடத்தில் பந்து உயர்ந்து வந்தது. உடலைக் காற்றில் சாய்த்து, கால்களைக் கத்தரி போல் வீசி, இடக்காலால் அதனை வலைக்குள் செலுத்தினார். ஆட்டம் 2–0 என முடிந்தது. சான் செபாஸ்டியனில் நடந்த மறு ஆட்டத்திலும் அதே கணக்கில் ரியல் சோசியதாத் வென்றது.

தடைக்காலம் முடிந்த பின், 2014ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், நெதர்லாந்துக்கு எதிரான போட்டியில் பிரான்சின் முதன்மை அணிக்காக அவர் முதன்முறையாகக் களம் கண்டார். அவ்வாண்டே உலகக் கோப்பைப் போட்டியில் ஆடினார். பின்னர் அத்லெத்திகோ மாட்ரிட் கழகத்திற்குச் சென்றார். 2018ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரான்சு 4–2 எனக் குரோவாசியாவை வென்றது. அவற்றுள் ஒரு கோல் கிரீஸ்மன் அடித்தது. அந்த நாள்வரையிலும் பிரான்சின் எந்தக் கழகத்திற்காகவும் அவர் தொழில்முறை வீரராக ஆடியதில்லை!

முடிவாக

அந்துவானை மறுத்தவர்கள் தீய எண்ணத்தால் மறுக்கவில்லை. கையிலிருந்த அளவுகோலை நம்பினார்கள். அவனை ஏற்றவர்களும் அற்புதம் எதையும் செய்துவிடவில்லை. நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள். உறங்க ஓர் இடம், படிக்க ஒரு பள்ளி, பழக ஓர் ஆடுகளம், வளரக் காலம் ஆகியவற்றை அயலூர் அவனுக்கு அளித்தது. ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளை தழைப்பதற்கு அவன் திறமை மட்டும் போதாது. அவனை வரவேற்று, பொறுத்திருந்து பார்க்கும் மனிதர்களும் வேண்டும்.

சொல்லும் பொருளும்

புலம்பெயர்வு – பிறந்த இடத்தை விட்டு வேறிடம் சென்று வாழ்தல்
வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
இசைதல் – உடன்படுதல்
மெருகேறுதல் – பொலிவும் சிறப்பும் அடைதல்
தழைத்தல் – செழித்து வளர்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கிரீஸ்மனைப் பிரான்சின் கழகங்கள் ஏற்காமைக்குக் காரணம் யாது?
2. பயோன், சான் செபாஸ்டியன் ஆகிய நகரங்கள் அவருடைய வாழ்வில் பெறும் இடத்தைக் குறிப்பிடுக.

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. 'தேர்வாளர்கள் அன்றைய உடலை அளந்தார்கள். நாளைய ஆட்டத்தை அளக்கவில்லை' – விளக்குக.
2. பெற்றோரின் தயக்கம் நியாயமானது எனக் கருதுகிறீர்களா? காரணம் தருக.

இ. செயல்பாடு
1. உருவத்தைக் கண்டு ஒருவரை இகழக்கூடாது என்னும் கருத்துடைய திருக்குறளைத் தேடிக் கண்டறிந்து எழுதுக.
2. நீங்கள் வாழும் ஊருக்கு உங்கள் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார்? அவருக்கு உதவியவர் யார்? வீட்டில் கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதுக.