ஒரே 'ஈ', இரண்டு வேலை

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. புதுப் பதிப்பை சர்வரில் ஏற்றும் ஸ்கிரிப்ட், "அப்படி ஒரு இமேஜே இல்லை" என்று நின்றுவிட்டது. முந்தைய நாள் வரை ஒழுங்காக ஓடியதுதான். லாகைத் திறந்தால், டேக் இருக்க வேண்டிய இடத்தில் 3.172ஈ+71 என்று இருக்கிறது. உண்மையான டேக், கிட் கமிட்டின் முதல் ஏழு எழுத்துகள்: 3172ஈ68. (இந்தப் பதிவில் 'ஈ' என்று நான் எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்து.)

யாமல் கோப்பில் டேக்கை மேற்கோள்குறி இல்லாமல் விட்டிருந்தேன். எண்ணைப் படிக்கும் நிரல் இடமிருந்து வலமாகப் போகும். முதலில் இலக்கங்கள், வேண்டுமானால் ஒரு புள்ளி, பிறகு ஈ, விருப்பப்பட்டால் கூட்டல் அல்லது கழித்தல் குறி, கடைசியில் கண்டிப்பாக இலக்கம். இந்த வடிவத்தில் பொருந்தினால் அது எண். எனவே என் டேக், 3172-ஐ 10-இன் 68-ஆம் அடுக்கால் பெருக்கிய ஒரு ராட்சத எண்ணாகிவிட்டது! 48ஈ1093 மாதிரி வந்திருந்தால் இன்னும் மோசம். இரட்டைத் துல்லிய எண்ணின் எல்லை சுமார் 1.8ஈ308 தான், ஜாவாஸ்கிரிப்ட் அதை முடிவிலி என்றே சொல்லும்.

அடுக்குக்கு ஈ போடும் வழக்கம் 1956-இன் ஃபோர்ட்ரான் கையேட்டிலேயே உண்டு. சிக்கல் என்னவென்றால், 16 அடிமான எண்களில் அதே ஈ, 14-ஐக் குறிக்கும் ஓர் இலக்கம். கமிட் அடையாளம் முழுக்க 16 அடிமானம்தான்.

சி மொழியில் இந்த மோதல் நேரடியாகவே தெரியும். 0எக்ஸ்எஃப்+1 என்றால் 16. ஆனால் 0எக்ஸ்ஈ+1 என்றால் 15 வராது, பிழைதான் வரும். ஈ-க்கு அடுத்த கூட்டல் குறியையும் அடுக்கின் குறி என்று எண்ணி, மொத்தத்தையும் ஒரே துண்டாகச் சேர்த்துவிடுகிறது. நடுவில் ஓர் இடைவெளி விட்டால் சரியாகிவிடும். சி99-இல் 16 அடிமானத் தசம எண்கள் வந்தபோது ஈ-யை விட்டுவிட்டு, 16-ஆவது எழுத்தான 'பி'யை எடுத்துக்கொண்டார்கள். 0எக்ஸ்1பி3 என்றால் 1 × 2³, அதாவது 8.

சரி, என் லேப்டாப்பில் ஏன் மாட்டவில்லை? அங்கே சோதித்தது பைத்தானின் பையாமலில். அது யாமல் 1.1 வழியில் போவது. புள்ளியும் அடுக்குக்குக் குறியும் இருந்தால்தான் ஈ போட்டதை எண் என்று ஒத்துக்கொள்ளும். சர்வரில் இருந்த கருவி 1.2 விதிப்படி படித்தது. அதில் இரண்டுமே கட்டாயமில்லை.

இது எவ்வளவு அபூர்வம் என்று கணக்குப் போட்டேன். ஈ வரக்கூடிய நடு இடங்கள் 5. அங்கே ஈ வர வாய்ப்பு 1/16. மற்ற ஆறும் இலக்கமாக (10/16)⁶. பெருக்கினால் 1.86 சதவீதம், ஏறக்குறைய 54 கமிட்டுக்கு ஒன்று. தினம் ஒரு தடவை ஏற்றினால் சராசரியாக இரண்டு மாதத்துக்குள் ஒரு ராத்திரி போச்சு.

திருத்தம் இரண்டே இரண்டு மேற்கோள்குறிகள். உங்கள் யாமல் கோப்புகளிலும் டேக் வரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள், வெள்ளிக்கிழமைக்கு முன்னால்.